வேற்றுலகத்தான் வந்திறங்கிய மலைநாடு

1963ஆம் ஆண்டு வெளிவந்த ‘கலை அரசி’ என்ற திரைப்படத்தை இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. எம்.ஜி.ஆரின் படங்களை வெளிவந்த வரிசையிலேயே ஒப்பிக்கக்கூடிய இரசிகர்களும் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவர். ‘நாடோடி மன்னன்’ போலவோ ‘எங்க வீட்டுப் பிள்ளை’ போலவோ ஓடிய படமன்று இது. ஆயினும் இந்தியத் திரையில் வேறொரு கோளிலிருந்து வந்த உயிரினம் முதன்முதலாகத் தோன்றியது இந்தப் படத்தில்தான் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றனர். இந்தியில் தாரா சிங் நடித்த ‘சாந்த் பர் சடாயி’ வந்தது 1967இல். சத்யஜித் ராய் தமது வேற்றுலகத்தான் கதையைத் திரைக்கதையாக எழுதியதும் அதே ஆண்டில்தான். தமிழ் நான்கு ஆண்டுகள் முந்திவிட்டது.

விண்வெளியிலிருந்து வந்து மனிதனைத் தாக்கும் பகையுயிர் என்றால் இன்றைய வாசகருக்கு உடனே நினைவுக்கு வருவது 1979இல் ரிட்லி ஸ்கொட் இயக்கிய ‘ஏலியன்’ என்ற ஆங்கிலப் படமே. அதற்குப் பின்னர் வருவேன். முதலில் நம்முடைய படத்தைப் பார்ப்போம்.

ஏ. காசிலிங்கம் இயக்கிய படம் இது. 1950இல் எம்.ஜி.ஆரும் வி.என். ஜானகியும் நடித்த ‘மருதநாட்டு இளவரசி’யை இயக்கியவரும் இவரே. கதை டி.இ. ஞானமூர்த்தி, இசை கே.வி. மகாதேவன். கதையின் கரு விசித்திரமானது. தொலைதூரக் கோள் ஒன்றில் விஞ்ஞானம் உச்சத்தை எட்டிவிட்டது. ஆனால் அங்குள்ளோருக்குப் பாட்டும் ஆட்டமும் தெரியாது. அக்குறையைப் போக்க அக்கோளின் தளபதி பறக்கும் தட்டில் பூமிக்கு வந்து, இனிய குரலுடைய பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்கிறான். தளபதியாக எம்.என். நம்பியார், கவரப்படும் வாணியாக பி. பானுமதி. அவளைத் தேடி அக்கோளுக்கே சென்று மீட்டுவரும் மோகனாக எம்.ஜி.ஆர். பானுமதிக்கு இரட்டை வேடம், எம்.ஜி.ஆருக்கும் அப்படியே. ராஜஸ்ரீ, பி.எஸ். வீரப்பா ஆகியோரும் உண்டு.

காட்சியமைப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேற்றுலகம் நமது பழைய ராஜா ராணிப் படங்களின் அரண்மனைக் கொலுமண்டபத்தை ஒத்திருக்கிறது. அங்கும் மன்னன், இளவரசி, சதிசெய்யும் தளபதி, கோமாளி எல்லோரும் இருக்கின்றனர். பல்லாயிரம் கல் தொலைவு சென்றும் தமிழ் சினிமா தன் அரண்மனையை விட்டு வெளியே வரவில்லை என்று நகைக்கலாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காலத்து அமெரிக்கப் படங்களில் வேற்றுக்கிரகவாசிகள் பூமியின் நீரையோ, நிலத்தையோ, மனித உடலையோ தேடி வந்தனர். இசையைத் திருட வந்தவனை நான் வேறெந்தப் படத்திலும் கண்டதில்லை. அதுவும் திருடப்படுபவர் பானுமதி! சொந்தக் குரலில் பாடி, நடித்து, படங்களை இயக்கவும் செய்த அந்த அம்மையாரைத் தவிர வேறு யாரைப் போட்டிருந்தாலும் இக்கதை நின்றிருக்காது.

இக்கதையின் எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை. வானூர்தியில் வந்த ஒருவன் பெண்ணைக் கவர்ந்து செல்கிறான். அவளுக்குரியவன் கடல் கடந்து சென்று மீட்கிறான். புஷ்பக விமானத்துக்குப் பறக்கும் தட்டு என்று பெயர் மாற்றிக் கடலுக்குப் பதிலாக விண்வெளியை வைத்தால் ‘கலை அரசி’ கிடைத்துவிடும்.

அந்தப் பழங்கதையில் விமானம் வந்திறங்கிய நாடு இலங்கை. நுவரெலியாவிலிருந்து பதுளை செல்லும் பாதையில் சீதா எலியவில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. கண்டிப் பாதையில் லபுக்கலை தேயிலை மலைகளைத் தாண்டி இறங்கினால் கொத்மலைப் பிரதேசத்தைச் சேர்ந்த றம்பொடை. அங்கே சின்மயா மிஷன் எழுப்பிய ஆஞ்சநேயர் கோயிலில் நின்று பார்த்தால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். சீதையைத் தேடி வந்த அனுமன் இம்மலையில்தான் தங்கினான் என்பது இவ்வூர் நம்பிக்கை. தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு இராமன் தரப்புக் கதையே வழிபாடு. சிங்கள மக்களில் ஒரு சாராருக்கோ இராவணன் வானில் பறந்த முதல் மாமன்னன். 2019இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதலாவது சிறு செய்மதிக்கு ‘இராவணா 1’ என்று பெயர் சூட்டினர். ஒரு மலைச்சரிவில் கவர்ந்து சென்ற பகைவன். மறு சரிவில் விண்வெளி வீரன்.

‘கலை அரசி’ வெளிவந்த காலத்தில் விண்வெளி என்பது வெறும் கற்பனையாக இருக்கவில்லை. யூரி ககாரின் 1961 ஏப்ரலில் பூமியை வலம்வந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே இலங்கைக்கு வருகை தந்து, பேராதனைத் தாவரவியற் பூங்காவில் மரமொன்றையும் நாட்டிச் சென்றார். பேராதனையைத் தழுவி ஓடும் மகாவலி, கொத்மலை ஓயாவின் நீரையும் சேர்த்துக்கொண்டு வருவது. விண்வெளிக்குப் போய்த் திரும்பிய முதல் மனிதனின் கைபட்ட மண், மலையகத்தின் வாசலில் இருக்கிறது.

இனி நாயகனிடம் வருவோம். எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17ஆம் திகதி நாவலப்பிட்டியில் பிறந்தவர். கொத்மலைப் பள்ளத்தாக்கிற்கு மிக அண்மையில் உள்ள நகரம் அது. சுற்றுவட்டாரத்துத் தோட்ட மக்கள் சாமான் வாங்கவும் படம் பார்க்கவும் இறங்கிவரும் ஊர். தந்தை கோபால மேனன் பாலக்காட்டு வழியினர். அவர் காலமான பின் தாயார் சத்யபாமா பிள்ளைகளுடன் தமிழகம் சென்று கும்பகோணத்தில் குடியேறினார். பின்னர் நடந்ததெல்லாம் உலகறிந்த கதை.

அக்குடும்பம் நாவலப்பிட்டியிலேயே தங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? இக்கேள்விக்கு ஊகம் தேவையில்லை. சட்டப் புத்தகமே விடை தருகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் ஒருவரைப் பிரஜையாக்காது. அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். தந்தை கேரளத்திலிருந்து வந்தவர் என்பதால், நாவலப்பிட்டியில் பிறந்த இராமச்சந்திரன் தமது 31ஆவது வயதில் பிறந்த மண்ணிலேயே அந்நியராகியிருப்பார். வானளாவிய கோளுக்குச் சென்று காதலியை மீட்ட அந்தக் கதாநாயகனுக்கு, தான் பிறந்த ஊரில் வாக்களிக்கும் உரிமை இருந்திராது.

இப்படி ஆனவர்கள் ஒருவர் இருவரல்லர். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. மறு ஆண்டு குடியுரிமை போயிற்று. அதன் தொடர்ச்சியாக வாக்குரிமையும் போயிற்று. அடுத்த தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதி என்று ஒருவரும் நாடாளுமன்றத்தில் இல்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. ஆனால் திறந்த வாசலில் நின்று நிராகரிக்கப்பட்டவர்களே மிகுதி. இலயன் அறையில் பிறந்து இலயன் அறையில் வளர்ந்தவளிடம் பிறப்புச் சான்று கேட்டால் எங்கு போவாள்?

ஆங்கிலத்தில் ‘ஏலியன்’ என்ற சொல் முதலில் சட்டத்துக்கு உரியது. வேற்றுநாட்டான் என்பதே அதன் நீதிமன்றப் பொருள். விண்வெளிக் கதைகள் அதனை இரவல் வாங்கி, பச்சைத் தோலும் பல கால்களும் பூட்டியது பிற்காலத்தில்தான். ஆகவே 1963இல் மலையகத்து நகரொன்றின் கொட்டகையில் எம்.ஜி.ஆர். படம் பார்க்க முன்வரிசையில் நெருக்கியடித்து அமர்ந்த கூட்டத்தில், சட்டம் ‘ஏலியன்’ என்று வைத்திருந்தோர் திரையில் இருந்ததைவிடக் கொட்டகையில்தான் அதிகம். மறு ஆண்டு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்டனர். கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கிரகம் விட்டுக் கிரகம் ஆட்களைத் தூக்கிச் செல்வதற்கு நம்பியாருக்குக்கூட ஒரு நியாயம் இருந்தது. அவனுக்குப் பாட்டு வேண்டியிருந்தது.

மலையகத்தான் பகைவன் என்ற எண்ணத்துக்கும் வரலாறு உண்டு. ‘கள்ளத்தோணி’ என்ற வசைச்சொல் தோட்டத் தொழிலாளர் மீது எத்தனை எளிதாக வீசப்பட்டது என்பதை வயதானவர்கள் அறிவர். 1971 கிளர்ச்சிக்கு முன் மக்கள் விடுதலை முன்னணி தன் உறுப்பினர்க்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அட்டைக்கடியில் நின்ற பெண், அந்த வகுப்பின்படி ஒரு வல்லரசின் முன்னணிப் படையினள். திரைக்கதை ஆசிரியர்கள் வெட்கப்படக்கூடிய கற்பனை இது.

அதே 1960களில், கொழும்பில் வேறொரு வேற்றுலகத்தான் கதை உருவாகிக்கொண்டிருந்தது. ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து 2008 மார்ச்சில் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தார். அவருடன் வந்த நண்பர் மைக் வில்சன். ஆழ்கடல் மூழ்கி, புகைப்படக்காரர், திரைப்பட இயக்குநர், தரகர் என்று பல முகங்கள் கொண்ட மனிதர். திருகோணமலையில் கடலடியில் சிதறிக் கிடந்த பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டு படமெடுத்தவர்களுள் அவரும் ஒருவர். 1962இல் ‘ரன் முத்து தூவ’ என்ற முதலாவது முழுநீள வண்ணச் சிங்களப் படத்தை இயக்கினார்.

சத்யஜித் ராய் 1962இல் தமது ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் ‘பங்குபாபுவின் நண்பன்’ என்ற கதையை எழுதியிருந்தார். ஊரார் கேலிக்கு ஆளான ஓர் எளிய பள்ளி ஆசிரியர் முன் வேற்றுலகத்தான் ஒருவன் தோன்றுகிறான். தீமை செய்யவில்லை, தைரியம் கொடுத்துச் செல்கிறான். இந்த எண்ணத்தை விரித்துப் படமாக்க ராய் விரும்பினார். இலண்டனில் கிளார்க்கிடம் கருவைச் சொன்னார். கிளார்க் கொழும்பு திரும்பி வில்சனிடம் சொன்னார். வில்சன் 1967இல் கல்கத்தாவுக்கே பறந்து சென்று, ராய் எழுதி முடிக்கும்வரை விடவில்லை.

‘தி ஏலியன்’ என்ற அத்திரைக்கதையில் வங்காளத்துச் சிற்றூர் ஒன்றின் தாமரைக் குளத்தில் விண்கலம் விழுகிறது. நீருக்கு மேல் நீண்டிருக்கும் அதன் கூர்முனையைக் கண்ட ஊரார், மூழ்கிய கோயில் ஒன்று எழுந்துவிட்டது என்று கும்பிடத் தொடங்குகின்றனர். வணிகன் ஒருவன் குளத்தை இறைத்துக் கோயிலைத் தனதாக்கத் திட்டமிடுகிறான். உள்ளிருக்கும் சிறு உயிர் ஊரின் ஏழைச் சிறுவனோடு கனவில் விளையாடுகிறது. கொலம்பியா நிறுவனம் தயாரிப்பதாக இருந்தது. பீட்டர் செல்லர்ஸ் நடிப்பார் என்றனர். மார்லன் பிராண்டோவின் பெயரும் அடிபட்டது. ராய் ஹொலிவுட்டுக்குப் போனபோது, தாம் எழுதிய திரைக்கதையின் பிரதிகள் பல கைகளில் உலவுவதைக் கண்டார். அவற்றின் முகப்பில் பதிப்புரிமை வில்சனுக்கும் ராய்க்கும் என்று அச்சாகியிருந்தது. முன்பணம் என்று கொலம்பியா கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 10,000 டொலரில் ஒரு சதமும் ராயின் கைக்கு வரவில்லை.

படம் எடுக்கப்படவே இல்லை. வில்சன் தலையை மழித்துக் காவி கட்டி, தென்னிந்தியக் காட்டுக்குத் தவமியற்றப் போய்விட்டார் என்று கிளார்க் ராய்க்கு எழுதினார். கதை முடிந்தது என்று நினைக்கவேண்டாம். அந்த மனிதர் பின்னர் சுவாமி சிவ கல்கி என்ற பெயருடன் கதிர்காமத்து முருகனின் பக்தராகி 1995இல் காலமானார். வேற்றுலகத்தானைத் தொட்டவர்களில் உண்மையில் உருமாறியவர் இவர் ஒருவரே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1982இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘ஈ.டி.’ வெளிவந்தபோது, இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டி ராயுடன் பேசியவர் கிளார்க். ஸ்பீல்பேர்க் மறுத்தார். உண்மை எதுவாயினும், மறு ஆண்டு 1983இல் அதே ஸ்பீல்பேர்க் ‘இந்தியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாவது படத்துக்காகக் கண்டிக்கு வந்திறங்கினார். அக்கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் வட இந்தியாவில், திரைக்கதையைப் படித்த அதிகாரிகள் மாற்றங்கள் கோரியதால் இலங்கை தேர்வாயிற்று. புகழ்பெற்ற அந்தத் தொங்குபாலம் மகாவலிக்குக் குறுக்கே, விக்டோரியா அணைக்கட்டு வேலைக்காக வந்திருந்த பிரித்தானியப் பொறியியலாளரின் உதவியுடன் கட்டப்பட்டது. மகாவலி அபிவிருத்தித் திட்டம் இல்லாவிடில் அந்தப் பாலம் இல்லை.

அதே திட்டத்தின் இன்னோர் அணை கொத்மலையில் எழுந்துகொண்டிருந்தது. சுவீடனின் நிதியுதவியுடன் 1979இல் தொடங்கிய பணி அது. 87 மீற்றர் உயரம், 600 மீற்றர் நீளம் கொண்ட கற்குவியல் அணை. நிலத்தடியில் 201 மெகாவாட் மின்நிலையம். 1985இல் திறந்துவைக்கப்பட்டது.

1979 என்ற இந்த ஆண்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவ்வாண்டில்தான் கிளார்க்கின் ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ நாவல் வெளிவந்தது. பூமியிலிருந்து விண்வெளிக்கு உயர்த்தி கட்டும் கதை. உயர்த்தியின் அடித்தளம் அமைவது ஒரு புனித மலையுச்சியில். அது நமது சிவனொளிபாத மலையேதான், பெயரை மட்டும் சற்று மாற்றியிருக்கிறார். மஸ்கெலியா, ஹற்றன் தோட்ட மக்கள் தினமும் காணும் சிகரம் உலகத்தின் விண்வெளி வாசலாயிற்று. (விஞ்ஞானக் கணக்கு சரிவர வேண்டும் என்பதற்காகக் கிளார்க் இலங்கைத் தீவையே தெற்கே நகர்த்திப் பூமத்தியரேகை மேல் வைத்துவிட்டார். அதற்கு யாரும் ஒப்பந்தம் கையொப்பமிட வேண்டியிருக்கவில்லை!) அவ்வாண்டில்தான் கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் பிரெட் ஹொய்லும் ‘விண்வெளியிலிருந்து நோய்கள்’ என்ற நூலில், கொள்ளை நோய்க் கிருமிகள் வால்வெள்ளிகளிலிருந்து பொழிகின்றன என்று வாதாடினர். விஞ்ஞானிகளில் மிகப் பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை. ஏற்கத் தக்க சான்றும் அதில் இல்லை என்பதே என் கருத்து. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ‘ஏலியன்’ வெளிவந்தது.

அந்தப் படத்தைப் பார்க்காதோர்க்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘நொஸ்ட்ரோமோ’ என்ற சரக்குக் கலம் கனிமத்தை இழுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறது. ஏழு பேர். வழியில் ஏதோ சமிக்ஞை கேட்டு ஒரு பாழ்ங்கோளில் இறங்குகின்றனர். ஒருவன் முகத்தில் ஓர் உயிர் ஒட்டிக்கொள்கிறது, அவனுடலுக்குள் முட்டையிடுகிறது, குஞ்சு நெஞ்சைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. பின்னர் ஒருவர் பின் ஒருவராகப் பலி. இறுதியில் ரிப்ளி என்ற பெண் மட்டும் பிழைக்கிறாள். எச்.ஆர். கீகர் என்ற சுவிஸ் ஓவியர் வடிவமைத்த அவ்வுருவம் உலகத்தைக் கிலிகொள்ளச் செய்தது.

பலரும் அந்தப் பிராணியையே பேசுகின்றனர். எனக்கு அப்படத்தில் பிடித்தது வேறு. தொடக்கத்தில் இயந்திர அறைத் தொழிலாளர் இருவர் தமக்கான போனஸ் பங்கு குறைவு என்று முறையிடுகின்றனர். பாதிப் படத்தில் ஓர் உண்மை வெளிப்படுகிறது: அந்த உயிரைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும், பணியாளரின் உயிர் போனாலும் பரவாயில்லை என்று கம்பனி முன்கூட்டியே இரகசியக் கட்டளை இட்டிருக்கிறது. கப்பலில் இருந்த அதிகாரிக்கு அது தெரியும். அவன் மனிதனே அல்லன், கம்பனி செய்த இயந்திரம். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, பெரட்டுக்களம், கைக்காசு என்று வாழ்ந்த மலையகத்தாருக்கு இந்தக் கதையில் விளங்காதது என்று எதுவும் இல்லை. கம்பனி என்ற சொல்லை அப்படம் பெயர்ச்சொல்லாகவே கையாளுகிறது, தோட்டங்களிலும் அப்படித்தான்.

உடலுக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்னும் பகையுயிரை மலைநாடு படத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருக்கிறது. இங்கு முதலில் தேயிலை இல்லை, கோப்பி. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் போட்டதிலிருந்து, காடுகள் எரிந்து மலை முழுவதும் கோப்பியாயிற்று. அதற்காகவே தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டனர். 1869இல் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் துவைட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற காளான் அறிஞர் அதற்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். பாழாக்குவது என்பதே அப்பெயரின் பின்பாதியின் பொருள். துரைமார் ‘நாசகார எமிலி’ என்று பகடி செய்தனர். பகடி நெடுநாள் நீடிக்கவில்லை.

அதன் வேலை முறையைப் பாருங்கள். காற்றில் வரும் நுண்வித்து இலையின் அடிப்புறத்தில் ஒட்டும். ஒரு துளி ஈரம் போதும், முளைவிடும். இலை மூச்சுவிடும் துளைகளின் வழியே உள்ளே நுழைந்து, உயிரணுக்களை உறிஞ்சி வளரும். பின் அதே துளைகள் வழியே வெடித்து ஆயிரமாயிரம் வித்துக்களைக் காற்றில் விடும். இலை உதிரும், மரம் நிர்வாணமாகும். 1880இல் அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இந்த வாழ்க்கைச் சுற்றை ஈராண்டுகளில் துப்பறிந்தார். ஒரே பயிரை மலைமலையாக நட்டதே நோய்க்கு விரித்த பாய் என்றும் எடுத்துக்காட்டினார். காலம் கடந்துவிட்டது. தோட்டங்கள் திவாலாயின, கடன் கொடுத்த வங்கியும் சரிந்தது. கோப்பித் துரைமாரின் நட்டத்தை எழுதிய நூல்கள் பல. வேலையிழந்து, சம்பளப் பாக்கியும் கிடைக்காமல் திரும்ப நடந்தவர்கள் எத்தனை பேர் வழியில் வீழ்ந்தனர் என்பதற்கு அத்தகைய நூல்கள் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரவில் நட்டிருந்த தேயிலைதான் பின்னர் எல்லாவற்றையும் மூடியது.

எச்.ஜி. வெல்ஸ் 1898இல் ‘உலகங்களின் போர்’ எழுதியபோது செவ்வாய்க் கோளாரைக் கிருமிகள் கொன்றன. தஸ்மேனியப் பழங்குடியினரை ஐரோப்பியர் அழித்ததை அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் நினைவூட்டுகிறார். விண்ணிலிருந்து வரும் பகைவனின் முதல் மாதிரி, கப்பலில் வந்த வெள்ளைக்காரனே என்பதை அவர் மறைக்கவில்லை. 1815இல் கண்டி வீழ்ந்து, 1818 கிளர்ச்சி நசுக்கப்பட்டு, அதன்பின் காடு எரிக்கப்பட்ட மலைநாட்டில் அக்கதையை வாசிக்கும்போது, நமக்கு யார் பூமியார், யார் செவ்வாயார் என்பது சற்றுக் குழம்பும். கண்டிச் சிங்களக் குடியானவனுக்குத் துரை வேற்றுலகத்தான். துரை கொண்டுவந்த தமிழனும் வேற்றுலகத்தான். அந்தத் தமிழனுக்கோ இருவரும்.

கொத்மலை அணைக்காக நீர் நிரப்பப்பட்டபோது மூழ்கியவை பெரும்பாலும் பழைய சிங்களக் கிராமங்கள், வயல்கள், விகாரைகள். துட்டகைமுனு இளமையில் மறைந்து வாழ்ந்த பள்ளத்தாக்கு என்று மரபு பெருமை பேசும் நிலம் அது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஒரு பகுதியினர் வரண்ட வலயத்துக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். வேறு சிலருக்கு அயலிலிருந்த தேயிலைக் காணிகள் துண்டாகிக் கிடைத்தன. அத்தேயிலையில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்க்கு அக்காணிகள் பகிரப்படவில்லை. மூழ்கியவற்றுள் கடதொர விகாரையும் ஒன்று. வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது அதன் இடிந்த சுவரும் புத்தர் சிலையும் வெளியே தலைநீட்டும். மக்கள் சேற்றில் நடந்து சென்று மலர் வைப்பர். ராயின் திரைக்கதையில் குளத்துக்கு மேல் எழுந்த விண்கலக் கூர்முனையை ஊரார் கோயில் என்று வணங்கும் காட்சியை, கொத்மலையில் கோடைதோறும் தலைகீழாகக் காணலாம். இங்கே கோயில் உண்மையானது. வானிலிருந்து வந்தது போல் இறங்கியது அணைதான்.

மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் தலவாக்கலையில் இயங்கத் தொடங்கியது. சென். கிளயர் நீர்வீழ்ச்சி இப்போது அதிகாரிகள் விடும் அளவு தண்ணீரில் விழுகிறது.

2024 பொங்கலுக்கு ஆர். ரவிக்குமார் இயக்கத்தில் சிவகார்த்திகேயன் நடித்த ‘அயலான்’ வந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வரும் அந்தச் சிறு உயிர் நல்லது. கெடுதல் செய்வது பூமியின் முதலாளி. ராயின் வழி அது, ஸ்கொட்டின் வழியன்று. பெயர் சூட்டியவர்க்கு ஒரு பாராட்டு. தமிழகத்தில் அயலார் என்றால் பெரும்பாலும் பிறர், வேற்றார். இலங்கைத் தமிழில் அயலவர் என்றால் அடுத்த வீட்டுக்காரர். நமது செய்தித்தாள்களில் ‘அயலவர்கள் கூடி மீட்டனர்’ என்று எழுதுவோம்; சென்னை வாசகர் யாரோ வெளியூரார் மீட்டதாகப் புரிந்துகொள்வார்.

சாஸ்திரி ஒப்பந்தப்படி சென்றவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினர். 1984இல் அக்கப்பற்சேவை நின்றதோடு அப்பயணமும் நின்றது. இங்கு எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே நாடற்ற நிலையை முடித்துவைத்தது. 1948இலிருந்து 55 ஆண்டுகள். அங்கு சென்றவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அத்தோட்டங்களுக்கான அரசுத் திட்டம் 1968இல் அவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. மீண்டும் கொழுந்து, மீண்டும் அட்டை, மீண்டும் லயன். அவர்கள் சென்றடைந்த ஆண்டுகளில் ஒரு பகுதிக்கு, 1977 முதல் 1987 வரை, அம்மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் நாவலப்பிட்டியில் பிறந்த அதே மனிதர். அவருடைய படத்தை லயன் சுவரில் ஒட்டி வைத்திருந்த அம்மக்களுக்குக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் ஊரார் வைத்த பெயர் ‘சிலோன்காரர்’.